ஆசிட் ஹவுஸ் பிறந்தது பம்பாயிலா?

ஜூன் 4, காலை. வாசகர் கேள்வி

குடும்ப வாட்ஸாப் குழுவில் வந்தது: "உலகத்தையே ஆட வைத்த ஆசிட் ஹவுஸ் இசையைக் கண்டுபிடித்தது அமெரிக்கர்கள் அல்ல, பம்பாயைச் சேர்ந்த சரண்ஜித் சிங். 1982லேயே! சிகாகோக்காரர்கள் அவரைக் காப்பியடித்துக் கோடீஸ்வரர் ஆனார்கள்." இது உண்மையா, இல்லை திருநள்ளாறுக்கு மேலே சாட்டிலைட் நின்றுபோகிற கதையா?

ஜூன் 4, இரவு

ஆசிட் ஹவுஸ் என்பது பேஸ் மெஷினின் நெளிகிற சத்தத்தை முன்னால் வைத்து, கிளப்பில் ஆடுவதற்காகச் செய்யும் இயந்திர இசை. செய்தியின் முதல் பாதி உண்மைக்குப் பக்கத்தில் வருகிறது. இரண்டாம் பாதி சுத்தமான திருநள்ளாறு.

சரண்ஜித் சிங் பம்பாய் சினிமா ரெக்கார்டிங்குகளில் வாசித்தவர். கிடார், பேஸ், கீபோர்டு என்று எதைக் கொடுத்தாலும் வாசிக்கிற ஆள், ஆர்.டி.பர்மன் காலத்துக் கை. சினிமாப் பாட்டுகளைப் பாட்டில்லாமல் வாத்தியத்தில் மட்டும் வாசித்து ரெக்கார்டும் போட்டிருக்கிறார். கல்யாண மண்டபத்தில் பந்தி நடக்கும்போது பின்னால் ஓடுமே, அந்த ரகம். 1982ல் 'டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' என்று ஒரு எல்.பி. செய்தார், எச்.எம்.வி. வெளியீடு. பத்து ராகம், பத்து டிராக். தபலாவும் கிடையாது, பாடகரும் கிடையாது. ரோலண்ட் கம்பெனியின் மூன்று பெட்டிகள்தான் கச்சேரியே: ஜூப்பிட்டர்-8 சிந்தசைசர், டிஆர்-808 ரிதம் மெஷின், டிபி-303 பேஸ் மெஷின்.

ரெக்கார்டு போணியாகவில்லை. ஆளும் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். பிறகு ஏடோ பௌமன் என்ற டச்சுக்காரர் இந்தியாவில் பழைய தட்டுகள் தேடும்போது இது கையில் சிக்கி, 2010ல் தன் 'பாம்பே கனெக்‌ஷன்' லேபிளில் மறுபடி வெளியிட்டார். கேட்டவர்கள் ஆடிப்போனார்கள். 1987ல் சிகாகோவிலிருந்து வந்ததாக எல்லோரும் நினைத்த சத்தம், ஐந்து வருடம் முன்னாலேயே, அதுவும் ராக ஆலாபனைக்குக் கீழே! ஏஃபெக்ஸ் ட்வின் என்ற பிரிட்டிஷ் எலக்ட்ரானிக் இசைக்காரர் செய்த குறும்பாக இருக்கும் என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு.

சிகாகோ விஷயம் நாளைக்கு. கண் சொக்குகிறது.

ஜூன் 5

'காப்பி' என்பதைக் கையிலெடுப்போம். இங்கே யாரும் வாங்காத ரெக்கார்டை சிகாகோவுக்கு யார் கொண்டு போனது?

அங்கே நடந்ததே தனிக் கதை. டிபி-303ஐ ரோலண்ட் 1981ல் கொண்டுவந்தது. பேஸ் வாசிக்க ஆள் கிடைக்காத கிடார்காரருக்குத் துணை வாத்தியம் என்பதுதான் எண்ணம். வெள்ளி நிற பிளாஸ்டிக் டப்பா, ஆறேழு திருகு. ஆனால் பேஸ் கிடார் சத்தம் அதில் வரவே வராது. கொசு ரப்பர் பேண்டில் மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு சத்தம்தான் வரும். போதாக்குறைக்கு, ஸ்வரங்களை ஒரு தடவையும் அவற்றின் காலப்பிரமாணத்தை இன்னொரு தடவையும் தனித்தனியாக ஏற்ற வேண்டும். எந்தக் கிடார்காரருக்கு அவ்வளவு பொறுமை? ஏறக்குறைய பத்தாயிரம் செய்துவிட்டு 1984ல் நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகு செகண்ட் ஹாண்ட் கடைகளில் அடிமாட்டு விலை.

அந்த விலைக்குத்தான் சிகாகோ பையன்களால் அதை வாங்க முடிந்தது. டிஜே பியர், ஸ்பேங்கி, ஹெர்ப் ஜே மூன்று பேரும் சேர்ந்து 'ஃப்யூச்சர்'. பெட்டிக்குள் கிடந்த ஒரு பேட்டர்ன் ஓட ஓட, பியர் திருகுகளைத் திருகிக்கொண்டே போனார். முறைப்படி செய்கிற காரியம் இல்லை அது. பேஸ்காரனுக்கு மாற்றாக வந்த பெட்டியில், டோனை ஒரு தடவை வைத்துவிட்டால் அப்புறம் தொடமாட்டார்கள். அந்த டேப்பை மியூசிக் பாக்ஸ் கிளப்பில் தட்டு ஓட்டும் டிஜே ரான் ஹார்டியிடம் கொடுத்தார்கள். முதல் தடவை ஓடியபோது ஆடிக்கொண்டிருந்த கூட்டம் களத்தை விட்டே விலகிவிட்டது. அவர் விடவில்லை, அதே இரவில் திரும்பத் திரும்பப் போட்டார். நான்காவது தடவை கூட்டம் வெறிபிடித்து ஆடியது. அந்த டேப்புதான் 1987ல் 'ஆசிட் டிராக்ஸ்' என்று தட்டாக வந்தது, பதினோரு நிமிடத்துக்கு மேல்.

பம்பாய்க்கும் இதற்கும் தொடுப்பு அந்தப் பெட்டி மட்டும்தான்.

ஜூன் 5, சற்றுப் பின்

"அப்போ முதல் என்ற பட்டமாவது நமக்குத்தானே?" என்று கேட்கிறார் ஒருவர். பட்டம் வாங்கி எங்கே மாட்டப் போகிறீர்கள்? 303ஐ வைத்து ஆசிட் ஹவுஸுக்கு முன்னாலேயே வேலை செய்தவர்கள் வேறு இடங்களிலும் உண்டு. ஸ்காட்லாந்தின் ஆரஞ்ச் ஜூஸ் குழு 'ரிப் இட் அப்' பாட்டில் போட்டு 1983ல் பிரிட்டன் டாப் டென்னுக்கே போனது. அதே வருடம் இத்தாலியில் அலெக்சாண்டர் ரோபாட்னிக். அவர்கள் யாரும் கொடி பிடிக்கவில்லை.

ஜூன் 7

நேற்று ராத்திரி ஹெட்போன் போட்டு அந்த எல்.பி.யை முழுசாகக் கேட்டேன். சில வருடங்கள் மெல்லிசைக் கச்சேரிகளில் கீபோர்டு வாசித்தவன் என்பதால் காது வேறு பக்கம் போகிறது.

எல்லோரும் "ராகமும் ஆசிட்டும் கலந்தது" என்கிறார்கள். சரியாகச் சொன்னால் கலக்கவில்லை, மேலும் கீழுமாக ஓடுகின்றன. ராகம் முழுக்க ஜூப்பிட்டர்-8ல் இருக்கிறது. கீழே 303 ஒரே சிறிய வளையத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறது, 808 டும் டும் என்று போய்க்கொண்டே இருக்கிறது. சிகாகோ மாதிரி இருப்பது அந்தக் கீழ்த்தளம். சிகாகோவில் கீழ்த்தளமே பாட்டு. சரண்ஜித் சிங்குக்கு அது தம்புராவும் தாளமும்.

மேல் தளத்தில் கவனிக்க வேண்டியது அவருடைய இடது கை. ரோலண்ட் கீபோர்டுகளில் ஸ்வரத்தை வளைக்கிற லீவர் இடது ஓரத்தில் இருக்கும். சில கம்பெனிகளில் மேலும் கீழும் உருட்டும் சக்கரம் வரும், இதில் பக்கவாட்டில் தள்ளணும். வலது கையில் ஒரு ஸ்வரத்தை அழுத்தி, இடது கட்டைவிரலால் லீவரைத் தள்ளி அடுத்த ஸ்வரத்தைத் தொட்டுத் திரும்பினால் ஜாரு (ஸ்வரத்துக்கு ஸ்வரம் வழுக்கிப் போகிற கமகம்) மாதிரி ஒன்று கிடைக்கும். நாதஸ்வர டோனில் 'சிங்கார வேலனே' எடுத்துப் பார்த்த எந்தக் கச்சேரி கீபோர்டுகாரருக்கும் அந்தக் கட்டைவிரல் வலி தெரியும். கொஞ்சம் அதிகமாகத் தள்ளினால் ஸ்வரம் வழுக்கி அசிங்கமாகிவிடும். அவர் கை எங்கேயும் வழுக்கவில்லை.

303லும் 'ஸ்லைடு' என்று ஒரு வசதி உண்டு. ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகும், ஆனால் வழுக்கல் எப்போதும் ஒரே வேகம். நம் ஆட்களுக்கு அது கமகம் ஆகாது. சிகாகோ பையன்களுக்கு அதுவே பாட்டின் உயிர்.

கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்களுக்கு: மால்கௌன்ஸ் நம் ஹிந்தோளம், பூபாலி மோகனம், யமன் கல்யாணி, கலாவதி வலஜி. தோடி என்று போட்டிருப்பதை நம் தோடி என்று நம்பிக் கேட்டால் திகைத்துப் போவீர்கள். அது சுபபந்துவராளி பக்கம். எனக்குப் பிடித்தது மால்கௌன்ஸ். கல்யாணியில் இயந்திரம் கொஞ்சம் சிரமப்படுகிறது.

ஜூன் 8

808 பற்றிக் கேட்ட தம்பிக்கு.

ரோலண்டை 1972ல் ஒசாகாவில் தொடங்கியவர் இகுதாரோ ககேஹாஷி. இளவயதில் கடிகார ரிப்பேர் செய்தவர். 808 வந்தது 1980ல். அந்த நேரத்தில் லின் எல்எம்-1 என்று ஒரு மெஷின், நிஜ டிரம்ஸ் சத்தத்தையே பதிவு செய்து வைத்திருக்கும், விலை 5000 டாலர் பக்கம். 808 விலை 1195 டாலர். அதில் பதிவான சத்தம் எதுவுமே கிடையாது, எல்லாம் சர்க்யூட் போடும் சத்தம். டிரம்ஸ் மாதிரியே இல்லை என்று அப்போது கேலி செய்தார்கள்.

ஆனால் அந்த 'உஸ்ஸ்' என்ற சீறல் இருக்கிறதே, அது வந்த வழிதான் விசேஷம். டிரான்சிஸ்டர் தயாரிப்பில் தரம் பார்த்துக் கழித்துப் போடுகிற பழுதான சரக்கிலிருந்து தேடி எடுத்து ககேஹாஷி வாங்கினார். அந்தப் பழுதில்தான் அவர் கேட்ட இரைச்சல் இருந்தது. காலம் போகப் போக டிரான்சிஸ்டர் தொழிற்சாலைகள் தேறிவிட்டன, பழுது குறைந்துவிட்டது. பழுது கிடைக்காததால் 808 செய்ய முடியாமல் 1983ல் நிறுத்தினார்கள். மொத்தம் ஏறக்குறைய 12,000தான். நம்மூரில் இப்படி ஒரு காரணம் சொல்லிக் கடையை மூடினால் சிரிப்பார்கள்.

1982லேயே மார்வின் கே 'செக்சுவல் ஹீலிங்' பாட்டை இதில்தான் போட்டார். அதே வருடம் நியூயார்க்கில் ஆஃப்ரிகா பம்பாட்டாவின் 'பிளானட் ராக்', ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் மெட்டு மேலே, 808 கீழே. அதே வருடம்தான் பம்பாயில் சரண்ஜித் சிங். மூன்று ஊர், ஒரே பெட்டி, ஒருவர் செய்ததை ஒருவர் கேட்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஜூன் 8, இரவு

அதே ரோலண்ட்தான் 1985ல் ஆக்டோபேடைக் கொண்டுவந்தது, 1998ல் எஸ்பிடி-20யை. எட்டு ரப்பர் சதுரம், ஸ்டாண்டு, இரண்டு குச்சி. தமிழ்நாட்டில் திருவிழாக் கச்சேரி பார்த்த யாரும் இதைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. மேடையில் 'ரிதம் பேட்' என்று ஒருவர் நடுநாயகமாக உட்கார்ந்திருப்பாரே, அவர் கையில் இருப்பது. தவிலும் அதில்தான், பறையும் அதில்தான், கண்ணாடி உடைகிற சத்தமும் அதில்தான்.

அதற்கு முன்னால் நாங்கள் ஒரு பழைய ரிதம் பெட்டியை நம்பி ஓட்டிக்கொண்டிருந்தோம். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். உள்ளே ஒரு பேட்டரி, அதுதான் நாம் ஏற்றி வைத்த தாளக்கட்டுகளை ஞாபகம் வைத்திருக்கும். ஒரு அம்மன் கோயில் கொடையில், முதல் பாட்டு பக்திப் பாட்டு, சுவிட்சைத் தட்டினால் பெட்டியிலிருந்து சம்பந்தா சம்பந்தமில்லாமல் ஏதோ ஒன்று, நொண்டிக் குதிரை ஓடுகிற கணக்கில். பேட்டரி செத்துவிட்டது. பாடகர் என்னைப் பார்க்கிறார், நான் டிரம்ஸ்காரரைப் பார்க்கிறேன், முன்வரிசையில் ஒரு பெரியவர் அதற்கும் கைதட்டுகிறார். அன்றைக்கு டிரம்ஸ்காரர் விடிய விடிய கையாலேயே சமாளித்தார், அதற்குத் தனியாக ஒரு பிரியாணி கேட்டு வாங்கியும் கொண்டார்.

303லும் இதே கூத்து உண்டு. பேட்டரியைக் கழற்றினால் உள்ளே இருக்கும் பேட்டர்ன்கள் கன்னாபின்னாவென்று மாறிவிடும். சிகாகோவில் அதை வேண்டுமென்றே செய்து, வந்த கன்னாபின்னாவையே பாட்டாக்கியவர்கள் இருக்கிறார்கள். அம்மன் கோயிலில் எங்களுக்கு அந்தத் தைரியம் வரவில்லை.

ஜூன் 11

"சிகாகோவில் ஏன்?" நல்ல கேள்வி. இதற்கு டிஸ்கோவை எரித்த கதை சொல்லணும்.

1979 ஜூலை 12, சிகாகோ கொமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானம். ஸ்டீவ் டால் என்ற ரேடியோ அறிவிப்பாளருக்கு டிஸ்கோ என்றால் ஆகாது. ஒரு டிஸ்கோ தட்டு கொண்டு வந்தால் டிக்கெட் 98 சென்ட்தான் என்று அறிவித்தார்கள் (அந்த ரேடியோவின் அலைவரிசை 97.9, கணக்கு அப்படி). இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே தட்டுகளை மொத்தமாகக் குவித்து வெடி வைத்தார்கள். கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்து புல்தரையை நாசமாக்கியது. இரண்டாவது ஆட்டம் நடக்கவே இல்லை, உள்ளூர் அணி தோற்றதாக அறிவிக்கப்பட்டது.

அன்றைக்கு மைதானத்தில் இருக்கை காட்டும் வேலையில் இருந்த கறுப்பினப் பையன் ஒருவன், பெயர் வின்ஸ் லாரன்ஸ். சிந்தசைசர் வாங்கக் காசு சேர்த்துக்கொண்டிருந்தான். ஜனங்கள் கொண்டுவந்த தட்டுகளைப் பார்த்தால் பல டிஸ்கோவே இல்லை, கறுப்பினக் கலைஞர்களின் வேறு பாட்டுகள் என்று பிற்பாடு சொன்னான். 1984ல் ஜெஸ்ஸி சாண்டர்ஸோடு சேர்ந்து 'ஆன் அண்ட் ஆன்' என்ற தட்டைக் கொண்டுவந்தவர்களில் அவனும் ஒருவன். ஹவுஸ் இசையின் முதல் தட்டு என்று பலரும் சொல்வது அதைத்தான். டிஸ்கோவை எரித்த மைதானத்திலேயே சம்பளம் வாங்கி, டிஸ்கோவின் பிள்ளையைப் பெற்றிருக்கிறார்கள். இதைக் கதையாக எழுதினால் நம்பமாட்டோம்.

அங்கே எரித்துக்கொண்டிருந்த நேரத்தில் இங்கே டிஸ்கோவைத் தலையில் வைத்து ஆடிக்கொண்டிருந்தோம். 1980ல் 'குர்பானி', 1982ல் 'டிஸ்கோ டான்சர்'. அதையே 1985ல் ஆனந்த்பாபுவை வைத்துத் தமிழில் 'பாடும் வானம்பாடி' என்று எடுத்தார்கள். அவர் ஆட்டத்தைப் பார்த்து எங்கள் தெருவில் இடுப்பு சுளுக்கியவர்கள் அதிகம்.

ஜூன் 12

குர்பானி என்றதும் இசையமைப்பாளர் பித்துவைப் பற்றிக் கேட்கிறார் பெங்களூர் நண்பர். சொந்த ஊர்ப் பாசம்! சொல்லிவிடுகிறேன்.

'ஆப் ஜைசா கோயி' பாட்டுக்கு இசை பித்து. பாடியது நாஜியா ஹசன், பாகிஸ்தானிய சிறுமி, அப்போது பதினைந்து வயதுதான் இருக்கும். பித்து பெங்களூரில் பிறந்து, பேண்டு வாசித்து, லண்டன் போனவர். 1974ல் உலகமே பாடிய 'குங் ஃபூ ஃபைட்டிங்' அவர் தயாரிப்பு. கார்ல் டக்ளஸ் பாடியது. அன்றைக்கு ஸ்டுடியோவுக்குப் போனதே வேறொரு பாட்டுக்காக. தட்டின் மறுபக்கத்தை நிரப்ப ஏதாவது வேண்டுமே என்று மீதமிருந்த பத்து நிமிடத்தில் இதை அடித்துத் தள்ளினார்கள். கம்பெனிக்காரர் கேட்டுவிட்டு இதுதான் முன்பக்கம் என்று புரட்டிப்போட்டார். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம்.

மறுபக்கத்துப் பாட்டு எல்லாருக்கும் இப்படி வாய்க்காது. 1969ல் வின்ஸ்டன்ஸ் குழுவின் ஒரு தட்டு, முன்பக்கப் பாட்டுக்கு கிராமி கிடைத்தது. மறுபக்கத்தில் 'ஆமென் பிரதர்', அதன் நடுவே கிரெகரி கோல்மன் தனியாக டிரம்ஸ் அடிக்கும் ஏழு விநாடி. அந்த ஏழு விநாடியை வெட்டி ஒட்டி ஆயிரக்கணக்கான பாட்டுகள் வந்திருக்கின்றன. ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ் என்ற வகைகளே அதன் மேல்தான் நிற்கின்றன. கோல்மனுக்கு ஒரு பைசா வரவில்லை. 2006ல் வீடில்லாதவராகச் செத்தார். இதில் ஜோக் அடிக்க எனக்கு மனசு வரவில்லை.

ஜூன் 15

பேச்சு ராக்கம்மா பக்கம் திரும்பிவிட்டது, நான் பொறுப்பல்ல. பிபிசி ஓட்டெடுப்பில் 'ராக்கம்மா கையத் தட்டு' ஜெயித்ததாமே என்று கேட்கிறார்கள்.

ஆமாம், 2002ல் பிபிசி வேர்ல்டு சர்வீஸ் தன் 70வது ஆண்டுக்கு உலகின் பிரபலமான பாட்டு எது என்று ஓட்டெடுப்பு வைத்தது. 'தளபதி' ராக்கம்மாவுக்கு நான்காம் இடம். பலர் மறந்துவிடுவது ஐந்தாம் இடத்தை. அதுவும் தமிழ்தான், 'பூவும் நடக்குது பிஞ்சும் நடக்குது', திருமலைச் சந்திரன் பாடிய ஈழத்துப் பாட்டு. முதலிடம் ஓர் அயர்லாந்து விடுதலைப் பாட்டு, இரண்டாவது வந்தே மாதரம், மூன்றாவது தில் தில் பாகிஸ்தான். குவீனின் 'போஹிமியன் ராப்சோடி' பத்தாவது.

இதை வைத்து "உலகமே ஒப்புக்கொண்டது" என்று போஸ்டர் அடிக்காதீர்கள். உட்கார்ந்து ஓட்டுப் போட எந்த ஊர்க்காரருக்கு வேகம் அதிகம் என்பதைத்தான் அந்தப் பட்டியல் காட்டுகிறது. ராக்கம்மாவுக்கு பிபிசி சான்றிதழ் தேவையும் இல்லை, எந்தக் கச்சேரியிலும் அதுதான் ஒன்ஸ் மோர்.

எட்டாம் இடத்தைக் கவனித்தீர்களா? ஷெர் பாடிய 'பிலீவ்', 1998. குரல் படிக்கட்டு மாதிரி உடைந்து உடைந்து வரும் முதல் பெரிய ஹிட். குரலின் சுருதியைத் திருத்தும் ஆட்டோட்யூன் மென்பொருளின் வேலை. அதைச் செய்த ஆண்டி ஹில்டபிராண்ட் எண்ணெய்க் கம்பெனியில் இருந்தவர். தரையில் அதிர்வை அனுப்பி, திரும்பி வரும் அலையை வைத்துப் பூமிக்கு அடியில் எண்ணெய் எங்கே என்று பார்க்கும் கணக்குதான் அவர் தொழில். அந்தக் கணக்கைத்தான் குரல் எந்த ஸ்வரத்தில் நிற்கிறது என்று கண்டுபிடிக்கத் திருப்பினார். 1997ல் விற்பனைக்கு வந்தது. 'பிலீவ்' தயாரிப்பாளர்கள் அது வேறொரு கருவியின் சத்தம் என்று பத்திரிகைக்குச் சொல்லிவைத்தார்கள், தொழில் ரகசியம் வெளியே போகக்கூடாது என்று. சமையல்காரர்களே பரவாயில்லை.

ஜூன் 19

யோசித்துப் பார்த்தால், 5ஆம் தேதி 'தொடுப்பு அந்தப் பெட்டி மட்டும்தான்' என்று எழுதியது கொஞ்சம் வறட்சியாக இருக்கிறது. அந்தப் பெட்டி சும்மா ஒரு கருவி இல்லை. 808க்கும் 303க்கும் நடுவே ஐந்து ஊசி வயர் ஒன்று போகும், ரெண்டும் ஒரே தாளத்தில் பூட்டிக்கொள்ளும். (எல்லாக் கம்பெனி வாத்தியங்களும் ஒன்றோடொன்று பேசுவதற்கான பொது முறை எம்ஐடிஐ வந்தது 1983ல், அதற்கும் இதே ஐந்து ஊசி சாக்கெட். வயர் பொருந்தும், பாஷை பொருந்தாது. இதில் ஏமாந்த கச்சேரிக்காரர்கள் உண்டு.) அப்படிப் பூட்டி ஓடவிட்டால் இரண்டும் களைப்பே இல்லாமல் ஒரே வட்டத்தைச் சுற்றும். சுற்றுகிற அந்த வட்டத்துக்கு மேலே ஏதாவது மெதுவாக மாறிக்கொண்டே இருக்கணும் என்று யாருக்கும் தோன்றும். சரண்ஜித் சிங் ராகத்தை விரித்தார். பியர் திருகைத் திருகினார்.

அதனால் என் தீர்ப்பு: ஆசிட் ஹவுஸ் சிகாகோவில்தான் பிறந்தது, ஏனென்றால் அங்கேதான் நான்காவது தடவை ஆடுவதற்கு ஒரு கூட்டம் இருந்தது. சத்தத்தை யார் வேண்டுமானாலும் முதலில் போடலாம். பம்பாயில் அந்த எல்.பி.க்கு ஆடுகளமே கிடைக்கவில்லை. வயதான காலத்தில் அவர் ஐரோப்பாவுக்குப் போய் அதே ராகங்களை வாசித்தார், இளவட்டங்கள் ஆடினார்கள். 2015 ஜூலையில் மும்பையில் காலமானார். அந்தச் சில வருடங்களாவது கிடைத்ததே.

ஜூன் 20

'காப்பியடித்தார்கள்' கட்சிக்காரர் இன்னும் விடவில்லை. அண்ணே, ஆதாரம் கொண்டு வாங்க, பேசலாம். "இருக்கும்ல?" ஆதாரம் ஆகாது.

ஜூன் 23

303 வாங்கலாமா என்று கேட்ட கோலாலம்பூர் நண்பருக்கு: அசல் பெட்டி இப்போது ஆயிரக்கணக்கான டாலர், நமக்கு எட்டாது. ரோலண்டே 2016ல் சின்னதாக டிபி-03 என்று விட்டது, மற்ற கம்பெனிகளின் மலிவு நகல்களும் வருகின்றன. நகல் போதும். கையில் வந்ததும் முதல் நாளே மோகனத்தை ஏற்றாதீர்கள், ஐந்து ஸ்வரம் என்று பார்த்தால் சுலபம், ஸ்லைடு போட்டால் வழிந்துவிடும். முதலில் ஒரே ஸ்வரத்தை வைத்து ஆக்சென்ட் (அழுத்தம்) மட்டும் மாற்றிப் பழகுங்கள். ஒரு பேட்டர்னுக்குப் பதினாறு ஸ்டெப் (கட்டம்) என்பதால் ஆதி தாளம் தானாக உட்காரும். ஸ்டெப்பைப் பதினான்காகக் குறைத்தால் மிஸ்ர சாபு. ரிதம் மெஷினிலும் அதே பதினான்கு வையுங்கள், இல்லாவிட்டால் ஒன்றுக்கொன்று விலகிக்கொண்டே போகும். விலகுவது நன்றாக இருந்தால் அப்படியே விட்டுவிட்டு ரெக்கார்டைத் தட்டுங்கள்.